மாதிரி எண் ஏழு

திருப்பாலைக்குடிக்குள் ஜீப் திரும்பும்போதே
கச்சான் காற்று எதிரே வந்து
கண்ணில் மண்ணைப் போட்டது.
கணக்கு நோட்டோடு நின்றார் செய்யதம்மாள்.
திங்கள் பதினொன்று.
செவ்வாய் நாற்பது.
இன்றைக்கு எண்ணவில்லை.

கொட்டகைக்குள் சத்தம் குறைவாக இருந்தது.
இரண்டாயிரம் கோழி இருக்கிற இடத்தில்
அப்படி இருக்கக் கூடாது.
தட்டில் தோல்முட்டைகள்
விரல் பட்டதும் குழிந்தன.
ஒரு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு
கூரைத் தகரத்தைப் பார்த்தது,
அங்கே எழுதியிருக்கும் எதையோ
படிக்க முயல்வதுபோல.

"பூநாரைதான் எச்சம் போட்டுட்டுப் போச்சு"
என்றார் பக்கத்துத் தோப்புக்காரர்.
பூநாரைகள் போய் மூன்று மாதம்.
"கருவாட்டுத்தூள் தீவனம், அதான்" என்றார் இன்னொருவர்.
"கண்ணு" என்றது
உடைமர வேலிக்கு அப்பால் ஒரு குரல்.
செய்யதம்மாள் எதுவும் சொல்லவில்லை.
வங்கிக்காரன் தந்த தாளில்
நோய்க்குப் பெயர் எழுத இடமில்லை.

பஞ்சுக்குச்சியைத் தொண்டைக்குள் விட்டு
ஒரு சுற்று.
பின்பக்கம் இன்னொரு சுற்று.
குழாயில் இட்டு ஒடித்து மூடி
எண் எழுதினேன், ஏழு.
கையுறைக்குள் வியர்வை
நண்டுக்குஞ்சாய் ஊர்ந்தது.

கொண்டுபோன ஐஸ் வழியிலேயே உருகியிருந்தது.
கிளைட்டஸ் ஜீப்பை
மீன் ஏலக்கூடத்துக்கு விட்டான்.
ஐஸ் உடைப்பவர் கேட்டார், "என்ன மீனு?"
"கோழி மூச்சு" என்றான் கிளைட்டஸ்.
அவர் சிரிக்கவில்லை.
ஒரு மண்வெட்டி கூடுதலாக அள்ளிப் போட்டார்.
காசு வாங்கவில்லை.

பெயர் அன்றிரவே தெரிந்துவிட்டது.
பத்தொன்பதாம் சுற்றிலேயே
திரையில் கோடு தலை தூக்கியது.
வெள்ளைக் கழிச்சல்.
கோப்பில் ராணிக்கெட்:
எங்கோ பனிமலைமேல் ஒரு ஊர்,
அதன் பெயரை உப்புக்காற்றில் சாகும் கோழிகளுக்கு
வைத்தாயிற்று.

பெயர் போதாது.
யார் வழி வந்தது, எந்தக் கொடியின் பிஞ்சு
என்று கேட்கத்தான் மெட்ராஸுக்கு அனுப்பியது.
பதின்மூன்றாம் நாள் வந்தன எழுத்துகள்,
ஏ டி ஜி சி ஏ ஏ ஜி
என்று மூச்சுவிட இடமில்லாமல்.
வெட்டுவாய் இருக்கும் இடத்துக்கு நேரே போனேன்.
ஆர் ஆர் க்யூ கே ஆர் எஃப்.
கொல்கிற சாதி.

அதற்குள் அங்கே கொட்டகை காலி.
குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி,
மேலே பனைமட்டையும் போட்டாயிற்று.
இந்த ஆறெழுத்து இனி எதுக்கு
என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன்?
யோசித்தபடியே கிளைமரம் வரையக் கொடுத்தேன்.

நாமக்கல் ஒரு கிளையில்.
தடுப்பூசி வைரஸ் எங்கோ தூரத்தில்,
சம்பந்தம் விட்டுப்போன பங்காளிபோல.
ஏழுக்குப் பக்கத்தில், அதே கணுவில், மூன்று.
மூன்று என்றால் உச்சிப்புளி.
ஆயிரத்து அறுநூற்று அறுபத்திரண்டு எழுத்து.
வேறுபாடு சுழி.

குஞ்சு வாங்கிய இடம் வேறு. கேட்டேன்.
தீவன லாரி வேறு. கேட்டேன்.
முட்டை வியாபாரிகள் இருவருக்கும்
பேச்சுவார்த்தையே கிடையாது.
பிறகு எங்கள் ஜீப்பின்
பயணப் பதிவேட்டைப் புரட்டினேன்.
என் கையெழுத்துத்தான்.
ஜூன் ஒன்பது, உச்சிப்புளி.
ஜூன் பத்து, திருப்பாலைக்குடி,
ரத்தக் கணக்கெடுப்பு, கோழிகள் நலம்.
அன்றைக்கு அவர் டீ கொடுத்தார்.
கொட்டகைக்குள் நின்றபடியே குடித்தேன்.

பூட்ஸைக் கவிழ்த்தேன்.
அடிப்பள்ளத்தில் காய்ந்த சேறு,
ஒரு சின்ன வெள்ளைத் தூவி.
இத்தனை நாள் வெயிலுக்கு
உயிரோடு எதுவும் இருக்காது, தெரியும்.
இருந்தாலும் குச்சியை வைத்து
ஒரு சுற்று.
மாதிரி எண் எட்டு.
உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனா நின்றது.
பிறகு என் பெயரை எழுதினேன்.

வெளியே கிளைட்டஸ்
ஜீப் கழுவிக்கொண்டிருந்தான்,
வெறும் தண்ணீரால்.